புயலில் போகாத மூன்றாம் பாகம்

நான் இதுவரை ஒரு புத்தகத்தின் மூலையைக்கூட மடித்ததில்லை. வாசித்த இடத்துக்கு அடையாளமாக பஸ் சீட்டு வைப்பேன். அதுவும் கசங்காத சீட்டு. கலந்தர் காக்கா, வாசிகசாலைத் தலைவர் என்ற முறையில் ஒரு புத்தகம் காணாமற்போனதைப் பற்றி என்னிடம் எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கேள்வி சின்னக் கேள்வி. எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் நமது வாசிகசாலை இழந்த புத்தகங்களின் பட்டியலில் நாற்பத்தேழாவதாக என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘உல்யானா, ருஷ்ய நாவல், மூன்றாம் பாகம்.’ ஆனால் வரவுக் கொப்பியின்படி அந்தப் புத்தகம் கொழும்பிலிருந்து வந்ததே எண்பதாம் ஆண்டில். இன்னும் வந்திராத புத்தகத்தைப் புயல் எப்படிக் கொண்டுபோனது என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். உல்யானா எந்தத் திகதியில் பட்டணம் போனாள் என்று கேட்டால் நான் உடனே சொல்லுவேன். ஊர்த் திகதிகள்தான் எனக்கு நிற்பதில்லை.

புத்தகம் புயலில் போகவில்லை. என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அவ்வளவோடு இந்தத் தாளில் கையெழுத்து வைத்திருக்கலாம். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் வேறு சிலவும் கேட்கவேண்டி வரும். இரண்டு தரம் எழுதுவது கடதாசிக்கு நட்டம்.

பலகையிலிருந்து தொடங்குகிறேன்.

வாசிகசாலை முகப்பில் நிற்கும் கரும்பலகை, புயல் நிவாரண அறிவித்தல் போடுவதற்காக வந்தது. நிவாரணம் முடிந்த பிறகு அது வெறுமனே கிடந்தது. செயலாளராக வந்ததும் நான் அதன் தலையில் ‘இந்தக் கிழமை நான் வாசிப்பது’ என்று எழுதி, ஒரு பெட்டியில் வெண்கட்டி வைத்தேன். பெயர், புத்தகம், அதைப் பற்றி ஒரு வரி. ஜும்ஆத் தொழுகை முடிந்து போகிறவர்கள் நின்று வாசிப்பார்கள். பிறகு அவர்களும் எழுதத் தொடங்கினார்கள். நீங்களும் எழுதினீர்கள், காக்கா. எட்டு மாதம் தொடர்ந்து ‘கலந்தர்: நேரமில்லை’ என்று எழுதினீர்கள். தையற்கடை அப்துல் கபூர் மாமா ஒரு துப்பறியும் நாவலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் ‘இன்னும் கொலை விழவில்லை’ என்று எழுதினார். முதல் எட்டுப் பக்கம் கிழிந்துபோனதும், கொலை அதற்குள்ளேயே விழுந்துவிட்டதும் ஆறாம் கிழமைதான் அவருக்குத் தெரிந்தது.

நான் எழுதிய வரிகளும் உங்களுக்கு நினைவிருக்கும். ‘வோல்கா நதி என் நெஞ்சுக்குள் ஓடுகிறது.’ ‘இன்று முழுவதும் என் மீது பனி பெய்தது.’ ஊரில் மொழிபெயர்ப்பு நாவல் வாசித்தவன் நான் ஒருவன்தான். சனங்கள் வாசித்துவிட்டு “நல்லம்” என்று சொல்லிப் போவார்கள். கதையை முடித்துக்கொள்ள நம்மவர்கள் சொல்லும் சொல் அது.

பெண்கள் வாசிகசாலைக்கு வருவதில்லை. புத்தகம் வீட்டுக்குப் போகும். அவர்களுடைய வரி ஒரு துண்டுக் கடதாசியில் திரும்பி வரும். நான் அதைப் பலகையில் எழுதுவேன். அப்படித்தான் ஹாஜறாவின் முதல் துண்டு வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய வாப்பா, சைக்கிளில் மீன் விற்கிற சீனிமுகம்மது.

“தம்பி, மகள்ற துண்டு. எனக்கு வாசிக்கத் தெரியா. ஆனா இத எழுதக்குள்ள அவ சிரிச்ச சிரிப்புல, உம்மா பயந்து சட்டியக் கீழ போட்டுட்டா.”

அது ஒரு காதல் நாவலைப் பற்றிய துண்டு. ‘கதாநாயகி ஏழு தரம் மயங்கி விழுகிறாள். யாராவது இந்தப் புள்ளைக்குச் சோறு குடுங்க.’

அந்த வெள்ளிக்கிழமை பலகைக்கு முன்னால் நின்றவர்கள் “நல்லம்” என்று சொல்லவில்லை. சிரித்தார்கள், திரும்ப வாசித்தார்கள், பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அடுத்த கிழமை வேளையோடு வந்து நின்றார்கள். புத்தகத்தில் மீன் வாசம் வருகிறது என்று முறைப்பட்டவர்கள்கூட, அவள் வாசித்து முடித்த புத்தகத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

ஐந்தாம் கிழமைத் துண்டு என்னைப் பற்றியது. ‘காலிதீன் நானா புத்தகம் வாசிக்கிறதில்ல. புத்தகத்துக்கு முன்னால நிண்டு தலை சீவுறார்.’

நான் அதையும் ஒரு எழுத்துக் குறைக்காமல் பலகையில் எழுதினேன். எனக்குக் கோபம் வரவில்லை. அப்துல் கபூர் மாமா மூன்று கிழமையாக, “என்ன மருமகன், தலை சீவியாச்சா?” என்று றோட்டில் கேட்டார். அப்போதும் வரவில்லை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நல்ல வரி என்பதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு உலக இலக்கியம் என்றால் என்னவென்று காட்டலாம் என்று ‘உல்யானா’ முதற்பாகத்தைக் கொடுத்தனுப்பினேன். நானூறு பக்கம். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. துண்டில் பகிடி எதுவும் இல்லை. ‘இரண்டாம் பாகம் உடனே வேணும்’ என்று மட்டும் இருந்தது.

நீங்கள் அந்த நாவலை வாசிக்க நேரமில்லாதவர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உல்யானா ஒரு கிராமத்துப் பெண். தங்கையின் கலியாணத்துக்காகப் பட்டணத்து வியாபாரி வீட்டில் வேலைக்குப் போகிறாள். வியாபாரியின் மனைவி அவளுடைய பயணப் பத்திரத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள். வேலை கூடுகிறது, சாப்பாடு குறைகிறது, அடி தொடங்குகிறது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், விடியற்காலையில், அடுப்பு மூட்டப் போனவள் குசினிக் கதவு பூட்டாமல் கிடப்பதைக் காண்கிறாள். வெளியே பனி. ஒரு கால் வெளியில், ஒரு கால் உள்ளே. அந்த இடத்தில் பாகம் முடிகிறது.

ஹாஜறா அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்த கிழமைதான் அவளுக்குக் குவைத்துக்கு விசா வந்தது. எண்பத்தொன்று, ஆனி மாதம். சீனிமுகம்மதுவுக்கு இரண்டு பெண்கள். இருந்த ஒரு வீட்டின் கூரையும் புயலோடு போய்விட்டது. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுவது வலையில்லாமல் கடலுக்குப் போவது போல. தங்கை நதீராவுக்கு ஒரு வீடு எழும்பினால் போதும், தன்னுடையதைப் பிறகு பார்க்கலாம் என்று ஹாஜறா புறப்பட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

பயணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது இரண்டாம் பாகத்தை வாங்கிவர நானே போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் நதீராவும் நின்றார்கள்.

“மூணாம் பாகம் எங்க, நானா?”

“அது புயலோட போயிட்டு.”

“யா அல்லாஹ். அப்ப முடிவு?”

“நான் புயலுக்கு முதலே வாசிச்சிட்டன்.”

“அப்ப அதச் செல்லுங்க. அவ வெளிய போறாளா, உள்ளுக்குப் போறாளா? ஒரு சொல்லுத்தானே.”

“முடிவ முதலே சொன்னாக் கதை செத்துப்போகும். நீங்க போய்ச் சேருங்க. நான் அத்தியாயம் அத்தியாயமா எழுதுறன்.”

அவள் நதீராவைப் பார்த்துச் சொன்னாள்: “கேட்டியா கா, நானா எழுதுவாராம். தலை சீவி முடிஞ்சா மறுகா எழுதுவாராக்கும்.”

அந்த நேரத்தில் மூன்றாம் பாகம் என் மேசையில் இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் பஸ் சீட்டு. பட்டியலில் நாற்பத்தேழாவது வரியை அன்று பின்நேரம்தான் எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். கதையை முடித்த வாசகி கடிதம் எழுதமாட்டாள். முடிவு தெரியாதவள் எழுதுவாள். ஊரின் ஒரேயொரு நல்ல வாசகி குவைத்துக்குப் போகிறாள். பலகை திரும்பவும் ‘நேரமில்லை’, ‘கொலை விழவில்லை’ என்று வெறிச்சோடிவிடும். நான் வாசிகசாலையின் நன்மையைப் பார்த்தேன். ஒரு செயலாளர் அதைத்தானே பார்க்கவேண்டும்.

அவள் எழுதினாள். ‘செயலாளர், வாசிகசாலை’ என்று விலாசமிட்டு வந்ததால் ஊரில் ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டு தாள் இருக்கும். ஒன்றின் தலையில் ‘பலகைக்கு’ என்றும், மற்றதில் ‘பலகைக்கு அல்ல’ என்றும் எழுதியிருப்பாள்.

பலகைக்கு வந்ததை நீங்கள் எல்லோரும் வாசித்தீர்கள். ‘இந்த வீட்டுல ஒரு அறைக்குள்ள மாரி, மற்ற அறைக்குள்ள கோடை. நடந்து போகக்குள்ள மூக்கடைச்சித் தடிமன் வருது.’ ‘இஞ்ச மீனுக்குத் தோலுரிச்சி, முள்ளெடுத்து, பெட்டிக்குள்ள நித்திரையாக்கி வெச்சிரிக்காங்க. வாப்பா கண்டா செத்த மனிசருக்குப் போல மையித்துத் தொழுகை நடத்துவார்.’ ஐம்பது, அறுபது பேர் வந்து நிற்பார்கள். நீங்கள் உங்கள் கடையிலிருந்து அவர்கள் உட்கார இரண்டு வாங்கு கொண்டுவந்து போட்டீர்கள். கல்முனையிலிருந்து கிருபாமலர் ரீச்சர் சைக்கிளில் வந்து அவற்றைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். “காலிதீன், அந்தப் பிள்ளை சொல்லுற உல்யானாவை நானும் தேடி வாசிக்கப் போறன்” என்று ஒருநாள் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனிசி என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கதையை இரண்டு மூன்று பக்கமாக எழுதி அனுப்பினேன். முதல் ஐந்து அத்தியாயங்களில் உல்யானா கதவடியில் நின்றபடி தன் பழைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறாள். ருஷ்ய நாவலில் அதற்கு நேரமிருக்கும். அவற்றை உள்ளபடியே எழுதினேன். ஒரு வரியும் மாற்றவில்லை.

‘பலகைக்கு அல்ல’ தாள்கள் வேறு மாதிரி. அவற்றைத் திகதி ஒழுங்கில் வைத்திருக்கிறேன். ‘பாஸ்போட்ட வாங்கிப் பூட்டிட்டாங்க’ என்பது முதலாவது தாள். குசினித் தரையில் படுப்பதும் ஒருநேரச் சாப்பாடும் மூன்றாவதில். ஐந்தாவதில் ‘வீட்டுக்காரி ஸ்திரிக்கைப் பெட்டியச் சுடச்சுடக் கையில வெச்சிட்டா. சட்டை கருகினதுக்கு’ என்று எழுதியிருந்தாள். வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருந்தாள். நான் வாக்குத் தவறாதவன்.

சீனிமுகம்மது கிழமை தவறாமல் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். “மகள் என்ன எழுதிரிக்கா, தம்பி?” நான் பலகைத் தாளை வாசிப்பேன். அவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், புள்ள நல்லா இரிக்கா” என்று சொல்லி, ஒரு சூரை மீனை வாங்கின் மேல் வைத்துவிட்டுப் போவார். பல கிழமை நான் அந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறேன்.

எண்பத்திரண்டு மாசியில் அந்தத் தாள் வந்தது. அதை வரிக்கு வரி எழுதுகிறேன். ‘நானா, இஞ்சயும் ஒரு குசினிக் கதவு இரிக்கி. காலைல குப்பை எடுக்க வாற நேரம் பூட்டமாட்டாங்க. பக்கத்து வீட்டு டிரைவர் அக்கரைப்பற்றார். வெளிய வந்தாத் தூதுவராலயத்துல கொண்டுபோய் உடுறன் எண்டு செல்றார். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. பயமா இரிக்கி. உல்யானா என்ன செஞ்சா? கதையா எழுதவேணா, ஒரு சொல்லு எழுதுங்க. அவ வெளிய போனா நானும் போறன்.’

நான் மூன்றாம் பாகத்தை அதற்குள் வாசித்து முடித்திருந்தேன். ஆறாம் அத்தியாயத்தில் உல்யானா வெளியே போகிறாள். கொஞ்சமும் தயங்காமல் போகிறாள். பால் வண்டிக்காரன் ஒருவன் அவளை ஏற்றிக்கொள்கிறான். பனி கரையும்போது ஊர் வந்து சேர்கிறாள். பாதி கட்டிய வீட்டில், கூரையில்லாமல், தங்கையின் கலியாணம் நடக்கிறது. எல்லோரும் மேலே வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முற்றிற்று.

எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, காக்கா. இரண்டு பாகம் கஷ்டப்பட்டு ஏறிய மலையிலிருந்து வண்டியில் இறங்குவதுபோல இருந்தது. உலக இலக்கியத்துக்கு அது கொஞ்சம் அவசரம்.

வேறு காரணங்களும் இருந்தன. நதீராவின் வீட்டுச் சுவர் அப்போது யன்னல் மட்டத்துக்குத்தான் வந்திருந்தது. அந்த அக்கரைப்பற்றார் எப்படிப்பட்டவர் என்று யாருக்குத் தெரியும்? குப்பை வண்டி நேரத்தில் ஒரு குமர்ப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறவர். பிறகு பலகை. இவற்றையெல்லாம் ஒரு முழு நாள் நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் செய்தேன் என்று என்னைக் குறை சொல்லமுடியாது.

உல்யானா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள் என்று எழுதினேன்.

ஒரு சொல்லோடு விடவில்லை. அவள் ஏன் உள்ளே வந்தாள் என்று பத்துப் பக்கம் எழுதினேன். ‘வெளியே பனி எல்லோரையும் கொல்லும்; உள்ளே பொறுத்தவளை ஒருத்தியாவது நினைப்பாள்.’ இந்த வரி என்னுடையது. அதற்குப் பிறகு பதினொரு அத்தியாயம் என்னுடையவை. வியாபாரியின் மனைவி நோயில் விழுவதும், உல்யானா பணிவிடை செய்வதும், கடைசியில் அந்த எசமானியே பெட்டியைத் திறந்து பத்திரத்தைக் கையில் கொடுத்து “மகளே” என்று கூப்பிடுவதும் எல்லாம் நான் எழுதியவை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நான் எழுதியவற்றில் மிகச் சிறந்தவை அந்தப் பக்கங்கள்தான்.

பதில் நாலு வரி. ‘அவ உள்ளுக்குப் போயிட்டாளா. நான் மற்ற மாதிரி நினைச்சிட்டன். சரி. அக்கரைப்பற்றாரிட்ட வேணா எண்டு செல்லிட்டன். மிச்சத்த எழுதுங்க, நானா.’

அடுத்த வருடம் எழுத்து மாறியது. சாய்வு வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு தாளில் ஏழெட்டுச் சொல்தான். இடது கையால் எழுதுகிறாள் என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ‘பலகைக்கு’ என்ற தாள் பிறகு வரவேயில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. சனம் வந்துகொண்டிருந்தது. அதனால் பதினான்கு மாதம் ஹாஜறாவின் வரியை நானே எழுதினேன். குவைத்துப் பூனை குளிரூட்டிக்கு முன்னால் குந்தியிருந்து ஓதுகிறது என்ற வரி என்னுடையது. ஒட்டகப் பால் பகிடியும் என்னுடையதுதான். நீங்கள் வாங்கிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்துல் கபூர் மாமா என் முதுகில் தட்டி, “மருமகன், புள்ள இப்பதான் முன்னயவிட நல்லா எழுதுறா” என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது என் கால் நிலத்தில் படவில்லை. யாரிடமும் சொல்லமுடியாத சந்தோசம் எவ்வளவு கனமானது என்று அப்போதுதான் அறிந்தேன்.

இந்த வருடம் வைகாசியில் அவள் திரும்பி வந்தாள். நதீராவின் வீடு ஓடு போட்டு, வெள்ளையடித்து நிற்கிறது. அந்த வீட்டுக் கலியாணச் சாப்பாட்டில் நீங்களும் இருந்தீர்கள். அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஹாஜறா பின்னறையில் இருக்கிறாள். வலது கை விரல்கள் மடங்காது. முழங்கைக்கு மேலே என்னவென்று நதீரா ஒருவருக்கும் காட்டுவதில்லை. இப்போது வீட்டில் சட்டி விழுந்தாலும் சிரிப்பதில்லையாம், சுவரோடு ஒட்டிக்கொள்கிறாளாம். இதையெல்லாம் சீனிமுகம்மதுதான் என்னிடம் சொல்லி அழுதார். ஊரில் அவளை நன்றாக அறிந்தவன் நான்தானாம்.

நான் அவளுடைய அங்கத்துவத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். தாமதக் கட்டணம் அறவிடவில்லை.

கிருபாமலர் ரீச்சர் சென்ற மாதம் கொழும்புக்குப் போய், ஒரு பழைய புத்தகக் கடையில் ‘உல்யானா’ மூன்றாம் பாகத்தைக் கண்டு, வாங்கிவந்து, அன்பளிப்பு என்று எழுதி உங்கள் கையில் தந்துவிட்டார். நான் அன்றைக்குச் சவளக்கடைக்கு நெல்லுப் பார்க்கப் போயிருந்தேன். இருந்திருந்தால் நானே வாங்கிவைத்திருப்பேன். அதை வரவில் பதியப் போய்த்தான் நீங்கள் என்னுடைய நாற்பத்தேழாவது வரியைக் கண்டீர்கள். பதிந்த கையோடு புத்தகத்தை ஹாஜறாவுக்கே கொடுத்தனுப்பினீர்கள்.

போன வெள்ளிக்கிழமை சீனிமுகம்மது துண்டு கொண்டுவந்தார். இடது கை எழுத்து. ‘ஹாஜறா: உல்யானா, மூன்றாம் பாகம். புயல் திருப்பித் தந்தது. நாலாம் அத்தியாயம்.’

“தெரிஞ்ச கதைதானே மகள், என்னத்துக்கு மினக்கெடுறா எண்டு கேட்டன்,” என்றார் அவர். “‘காலிதீன் நானா எழுதினதெல்லாம் மனப்பாடம் வாப்பா, அந்த வீட்டுக்குள்ள அத வெச்சித்தான் இருந்த, ஒருக்கா அச்சிலயும் பாக்கோணும்’ எண்டா.”

அந்தத் துண்டை நான் பலகையில் எழுதினேன். எழுத்துக் குறைக்காமல்.

இடது கையால் பக்கம் புரட்டுகிறாள், மெதுவாகத்தான் போகும். என் கணக்கில் வியாழன் பின்நேரம் ஆறாம் அத்தியாயம் வரும். அதற்கு முதல் அவளிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். முடிவை முதலே சொன்னால் கதை செத்துப்போகும்.

நமது பிரதியை இத்துடன் தருகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கமும் மடியவில்லை. ‘பலகைக்கு அல்ல’ தாள்கள் முப்பத்தொன்றும் திகதி ஒழுங்கில் உள்ளே இருக்கின்றன. அவற்றைச் சீனிமுகம்மதுவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம். அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்குவது உங்கள் விருப்பம். அலுமாரித் திறப்பையும் வெண்கட்டிப் பெட்டியையும் மேசையில் வைத்திருக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பலகையில் எழுதுவது யாராக இருந்தாலும் ஹாஜறாவின் வரிக்கு இடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இரண்டு முடிவும் இப்போது அவளிடம் இருக்கின்றன. எது நல்ல முடிவென்று ஒரு வரி எழுதுவாள். ஒருவருக்காகவும் பொய் எழுதாத வாசகி அவள். என்னுடையதுதான் என்று எழுதுவாள்.